குரங்கு பார்க்க ஆறு மணித்தியாலம்

போன மாதப் போயா லீவோடு சேர்த்து, பொலன்னறுவைப் பக்கம் ஒரு குளக்கரை 'இகோ லொட்ஜ்'க்குப் போய் வந்தோம். வெள்ளவத்தையிலிருந்து வேனில் ஆறு மணித்தியாலம், கடைசித் துண்டு கிரவல் ரோட்டு. மண்சுவர், இலுக்குக் கூரை, ஏசி இல்லை, டிவி இல்லை. "அம்மம்மா வீட்டில சும்மா இருந்ததுக்கு இப்ப காசு கட்டுறம்" என்று இவர் முணுமுணுத்தபடியே பையை இறக்கினார். ஆனால் விடியக்காலையில் மருத மரங்களுக்குக் கீழே பிளேன்டீயோடு இருந்தபோது அவரும் வாய் திறக்கவில்லை. குளம் அப்படி.

எட்டு மணிக்கு வேலைக்கார தம்பி ஒரு பிளாஸ்டிக் வாளியைத் தட்டினார். அவ்வளவுதான், மரமெல்லாம் ஆடிச்சு. சிங்களத்தில் ரிலவா என்கிற குரங்குகளின் கூட்டம். வாளிக்குள் வாழைப்பழமும் இராத்திரி மிஞ்சிய சோறும்.

வயிற்றில் குட்டி தொங்க ஒரு தாய்க்குரங்கு, பழத்துண்டை அவசரமாகக் கன்னப்பைக்குள் அடக்கிக்கொண்டு ஓரமாய்ப் போய்க் குந்தியது. பெரிய கடுவன் ஒன்று வந்தது. அவளின் வாயைக் கையால் பிளந்து, விரலை விட்டு, பழத்தை எடுத்துத் தன் வாயில் போட்டது. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தபடி வீடியோ எடுத்தார்கள். எனக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை.

பொலன்னறுவை ரிலவாக்களை 1968இலிருந்தே ஆராய்ச்சியாளர்கள் பின்தொடர்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பிறப்பிலேயே மேல், கீழ் உண்டு. காட்டில் சாப்பாடு பரவிக் கிடக்கும். கீழ்நிலைக் குரங்கு தள்ளிப்போய்த் தன்பாட்டில் தின்னலாம். வாளியைச் சுற்றி அதற்கு எங்கே வழி?

தம்பி பக்கத்துக் கதுருவெல ஊர்க்காரர். மெல்லக் கேட்டேன். "எங்கட வீட்டுத் தென்னையில குரும்பை கூட மிஞ்சுறல்ல மிஸ். ஆனா வாளி தட்டாட்டி கெஸ்ட் கொம்ப்ளைன் பண்ணுறாங்க" என்றார்.

இதுதான் என் கோபம். 2023இல் ஒரு இலட்சம் ரிலவாவைச் சீனாவுக்கு அனுப்பப் பேசினோம். 2025 பெப்ரவரியில் நாடே இருண்டபோது பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கின் தலையில் பழியைப் போட்டோம். அடுத்த மாதமே, அரசாங்கம் கணக்கெடுக்கச் சொன்னதென்று, ஐந்து நிமிடம் தோட்டத்தில் நின்று குரங்குகளை எண்ணினோம். வாளியை மட்டும் ஒருவரும் எண்ணவில்லை.

வந்த பிறகுதான் உறைத்தது, இவ்வளவு தூரம் ஏன் போனோம் என்று. பெரியம்மாவின் மகள் கொழும்புக்கு வெளியே, தலங்கம குளத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறா. அவவின் பிலா மரத்துக்கு வருவது ஊதாமுக மந்தி, சிங்களத்தில் களு வந்துரா. அதிலும் இந்த மேற்குக்கரை இனம் கொழும்பையும் அதைச் சூழ்ந்த மேற்குத் தாழ்நிலத்தையும் விட்டால் உலகில் வேறெங்கும் இல்லை. உலகில் மிக ஆபத்தில் உள்ள 25 குரங்கினப் பட்டியலில் பலமுறை வந்தது. மரத்துக்கு மரம் தாவுகிற பிராணி அது. நடுவில் மரம் போனால் ஓட்டிலும் கரண்ட் வயரிலும் தாவும். ஓடு உடையும், வயரில் சாகும்.

பிலா தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும் (எங்கட பெண் பனைக்கும் அதே சட்டம்தான்). பக்கத்து வளவுக்காரர் ஆள் பேசிவிட்டாராம். அக்கா தன்னுடையதைத் தறிக்க மாட்டாவாம். "ஓடு உடைஞ்சா மாத்தலாம்" என்கிறா.

போன ஞாயிறு பிள்ளைகளோடு அந்த மரத்தடியில் நின்றோம். சின்னவன் வாழைப்பழம் ஒன்றை உயர்த்திப் பிடித்திருந்தான். மேலே இருந்தது தளிரைக் கிள்ளித் தின்றதே தவிர எட்டியும் பார்க்கவில்லை. கை உளைந்து, கடைசியில் அவனே உரித்துத் தின்றான்.