நோட்டீஸ் ஒட்டினால் சுவர் நிற்குமா?

மழை வரப்போகிறது என்றால் ஊரில் எல்லோருக்கும் பஜ்ஜி நினைவு வரும். சென்னை மண்ணடியில் எங்கள் சந்துக்காரர்களுக்கு எதிர்வீட்டுப் பால்கனி நினைவு வரும்.

பழைய மெட்ராஸ் டெரஸ் கட்டடம் அது. தேக்கு உத்திரம், அதன்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை. பராமரித்தால் நூறு வருஷம் தாங்கும். யார் பராமரித்தார்கள்? மாடிச் சுவரில் ஆள் உயரத்துக்கு அரசமரம் நிற்கிறது, வேர் ஜன்னல் வழியாக உள்ளேயே போய்விட்டது. போன மழையில் சன்ஷேடு ஒரு துண்டு பெயர்ந்து, கீழே நின்ற மீன்பாடி வண்டியில் விழுந்தது. வண்டிக்காரர் டீ குடிக்கப் போயிருந்ததால் பிழைத்தார்.

மாநகராட்சியில் புகார் கொடுத்தோம். வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், போட்டோ எடுத்தார்கள், 'பழுதடைந்த கட்டடம், அருகில் செல்லாதீர்கள்' என்று ஒட்டிவிட்டுப் போனார்கள். சந்தின் அகலமே ஒரு ஆட்டோ போகிற அளவுதான். அருகில் போகாமல் எப்படி சார் போவது, பறந்தா?

அப்புறம் கேட்டால் 'உரிமையாளருக்கு நோட்டீஸ் கொடுத்தாச்சு' என்கிறார்கள். 1919ஆம் வருஷத்து மாநகராட்சிச் சட்டத்தின் 258ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஆபத்தான கட்டடத்தைச் சுற்றி அடைக்கவோ, பழுதுபார்க்கவோ, இடிக்கவோ ஆணையர் உத்தரவு போடலாம் என்றது அது. அவசரம் என்றால் நோட்டீஸுக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம், தானே வேலையை முடித்துவிட்டுச் செலவை உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்றும் சொன்னது. வெள்ளைக்காரன் காலத்திலேயே கொடுத்த அதிகாரம் இது! 2023இல் அதன் இடத்துக்கு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் வந்துவிட்டது. எங்கள் சந்தில் வந்த ஒரே மாற்றம், பழைய நோட்டீஸ் வெயிலில் வெளுத்துப்போனது.

உரிமையாளர் யார் என்றால் அது தனிக்கதை. தாத்தா சொத்து, பேரன்களுக்குள் பாகப்பிரிவினை வழக்கு. ஜெயிக்கும்வரை ஒரு மூட்டை சிமெண்டுக்குக்கூட எவரும் காசு எடுக்கமாட்டார்கள். கீழே கடை வைத்திருக்கிறவர்களும் காலி பண்ணமாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. 'இடித்துக் கட்டப்போகிறேன்' என்பது இந்தப் பக்கத்தில் ஆளைக் கிளப்புகிற பழைய மந்திரம். அதனால்தான் 1960 வாடகைச் சட்டமே, கட்டடம் கைக்கு வந்த ஒரு மாதத்தில் இடிக்கத் தொடங்கி மூன்று மாதத்தில் முடிப்பேன் என்று உரிமையாளரிடம் உறுதிமொழி கேட்டது. ஆனால் அவர்கள் சண்டையில் தலை உடையப்போவது தெருவில் போகிறவனுக்கு. அவன் எந்த வழக்கிலும் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை.

பழைய கட்டடம்தான் விழும் என்றும் இல்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பில் 24 வீடுகள் இடிந்து விழுந்தன. விரிசலைப் பார்த்து மக்களே வெளியே ஓடியதால் உயிர் தப்பினார்கள். அங்கே உள்ளே இருந்தவர்களுக்காவது விரிசல் கண்ணில் பட்டது. எங்கள் எதிர்வீட்டு மாடியில் ஆளே இல்லை, புறாதான் இருக்கிறது.

இடிக்க முடியாவிட்டால் போகட்டும். அந்த மரத்தை வேரோடு எடுங்கள், பால்கனிக்கு முட்டுக்கொடுங்கள், தெருப்பக்கம் வலை கட்டுங்கள். பில்லைப் பேரன்களுக்கு அனுப்புங்கள், வீட்டுவரியோடு சேர்த்து வசூல் பண்ணுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும், அதற்குள் பண்ணுங்கள். இன்னொரு நோட்டீஸோடு மட்டும் வராதீர்கள், ஒட்டுவதற்கு அந்தச் சுவரில் பூச்சே மிச்சமில்லை.