முதல் வகுப்பில் சீட்டைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும்

நான் புதுக்கோட்டைக்காரி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொடுத்ததே, அதில் பழகியவர்களில் என் அம்மாவும் ஒருவர். அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதாததால் நிறையப் பேர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே வசதி என்றும் சொல்வார்கள். சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் பத்துப் பதினைந்து பேர் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடுவார். ஆறு வயதில் ஓரமாக உட்கார்ந்து பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

இப்போது அது நினைவுக்கு வரக் காரணம், மூன்று மாதமாக நான் சென்னையில் ஸ்பின்னிங் வகுப்புக்குப் போகிறேன். மூடிய அறைக்குள், நின்ற இடத்திலேயே மிதிக்கும் இருபது சைக்கிள். முன்னால் ட்ரெய்னர், சத்தமான பாட்டு, அரையிருட்டு. முக்கால் மணி நேரம் எல்லோரும் ஒன்றாக மிதிப்போம். எனக்கு மிகவும் பிடித்துப்போன வகுப்பு. ஆனால் என் முதல் வகுப்பு இங்கே நடக்கவில்லை. வேறொரு ஜிம்மில் நடந்தது, அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அங்கே முதல் வகுப்பு இலவசம். போன உடனே ட்ரெய்னர் கடைசி வரிசையில் ஒரு சைக்கிளைக் காட்டி, "ஏறிக்கோங்க, மத்தவங்களைப் பார்த்துப் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான். சீட் எனக்கு ரொம்பத் தாழ்வாக இருந்தது, அது தாழ்வு என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்றாவது பாட்டில் மூச்சு வாங்கியது. சாதாரண சைக்கிளில் செய்வதுபோல மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் நிற்கவில்லை. என் காலைத் தூக்கிக்கொண்டு சுற்றியது, பட்டையிலிருந்து கால் நழுவி முழங்காலுக்குக் கீழே எலும்பில் அடித்தது. அடுத்த நான்கு நாள் வீட்டு மாடிப்படி ஏறுவதே வேதனை.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "சீட்டை யாரு பிடிச்சா?" என்று கேட்டார். இது விழாத சைக்கிள், பிடிக்க வேண்டியதில்லை என்றேன். "அப்புறம் எப்படி அடிபட்டுச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

ஸ்பின்னிங் சைக்கிளின் முன்னால் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அது பெடலோடு நேராகப் பிணைந்தது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் மெதுவாக வேகத்தைக் குறைக்க வேண்டும், அவசரம் என்றால், திருகினால் மிதிப்பதைக் கடினமாக்கும் ரெசிஸ்டன்ஸ் குமிழைக் கீழே அழுத்த வேண்டும், அதுதான் பிரேக். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜானி கோல்ட்பெர்க் என்ற நெடுந்தூர சைக்கிள் வீரர், தன் பந்தயப் பயிற்சியை வீட்டுக்குள்ளேயே செய்யத் தொடங்கியதில் பிறந்ததுதான் இந்த முறை. பந்தயக்காரர் தனக்காகச் செய்துகொண்ட வண்டியில் புதிதாக வரும் ஒருவரைச் சும்மா ஏற்றிவிடுவது தப்பு. ரொம்பத் தப்பு.

கால் வலியோடு போனால் பரவாயில்லை. பழக்கமில்லாத உடம்பு முதல் நாளே அளவு மீறி மிதித்தால் தொடைத் தசைகள் சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தையே தாக்கலாம். ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். முதல் ஸ்பின்னிங் வகுப்பிலேயே இப்படி ஆனவர்களைப் பற்றி 2017இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான். ஆனாலும் தொடை வீங்கி, வலி தாங்க முடியாமல், சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "முதல் நாளே உங்க முழு பலத்தையும் காட்டுங்க" என்று கத்தும் ட்ரெய்னர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவதாகச் சேர்ந்த இடத்தில் ட்ரெய்னர் ஒரு சின்னப் பெண். வகுப்புக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வரச் சொன்னாள். சைக்கிள் பக்கத்தில் என்னை நிற்க வைத்து, சீட்டை என் இடுப்பெலும்பு உயரத்துக்கு ஏற்றினாள். ஏறி உட்கார்ந்ததும் பெடலை அடியில் நிறுத்தி, முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். ஹேண்டில்பாரை சீட்டைவிடக் கொஞ்சம் உயர்த்தி, முதுகுக்குப் பழகிய பிறகு இறக்கிக்கொள்ளலாம் என்றாள். அப்புறம் பிரேக்கை நானே மூன்று தடவை அழுத்திப் பார்த்தேன். "அக்கா, எல்லாரும் எழுந்து நின்னு மிதிப்பாங்க, நீங்க ரெண்டு வாரத்துக்கு எழுந்திருக்க வேண்டாம். பேச முடியுற அளவுக்கு மிதிச்சா போதும். குமிழை மட்டும் ஒரேயடியா தளர்த்தாதீங்க, கால் கட்டுப்பாடு இல்லாம ஓடும்." அன்று இருபது நிமிடத்திலேயே இறங்கினேன். அவளே கைதட்டி அனுப்பினாள்.

இந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, யாரும் பின்தங்குவதில்லை என்பது. ரோட்டில் இருபது பேர் சைக்கிளில் போனால் மெதுவாக மிதிப்பவர் தனியாக நின்றுவிடுவார். இங்கே என் வலப்பக்கம் இருபத்தைந்து வயது ஐடி பையன், இடப்பக்கம் ரிட்டையரான ஒரு டீச்சரம்மா. மேடு ஏறுகிறோம் என்று ட்ரெய்னர் சொன்னால் அவன் குமிழை நாலு சுற்று திருகுவான், அவர் அரைச் சுற்று. பாட்டு முடியும்போது மூவரும் ஒரே இடத்தில்தான் இருப்போம். கூட்டமாகச் செய்வதன் அருமை இதுதான். இதை வைத்துக்கொண்டு புதியவரைப் பயமுறுத்தி விரட்டும் ஜிம்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

சேர நினைப்பவர்கள் போனிலேயே கேளுங்கள்: முதல் நாள் சைக்கிளை எனக்கு ஏற்றபடி யார் சரிசெய்து தருவார்கள்? பதிலில் ஒரு ஆளின் பெயர் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். தண்ணீர் பாட்டிலும் துண்டும் மறக்க வேண்டாம். சீட் வலி முதல் சில வகுப்புகளுக்கு இருக்கும், பிறகு குறைந்துவிடும்.

போன சனிக்கிழமை ஒரு அம்மா புதிதாக வந்தார். ட்ரெய்னர் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததால் நானே போய் அவரை சைக்கிள் பக்கத்தில் நிற்க வைத்து சீட்டை ஏற்றினேன். இரண்டாவது பாட்டில் அவர் வேகத்தைக் குறைத்துத் தண்ணீர் குடித்தார். நானும் அவரோடு குறைத்துக்கொண்டேன்.