"பாப்பா பேசிட்டாளா?"

கேரள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். அக்கறையில் கேட்பதுதான், எனக்குக் கோபமில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும்: இது தப்பான கேள்வி. ஐந்து வயதாகும் என் மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. அவளிடம் நாங்கள் பார்த்த முன்னேற்றங்களில் பாதிக்கு மேல் பேச்சுக்கு முந்தியவை. பேச்சை மட்டும் கேட்டால் அவை எதுவுமே கணக்கில் வராது.

விரல் நீட்டிக் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாகக் குழந்தைகள் ஒரு வயதையொட்டி நீட்டத் தொடங்கிவிடும், நாம் கவனிப்பதுகூட இல்லை. இவள் நீட்டவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய்ச் சொம்பின் மேல் வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலரும் இப்படிச் செய்வார்கள் என்று தெரபிஸ்ட் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். 'அது வேணும்' என்று காட்டுவது வேறு, 'அதைப் பாரேன்' என்று காட்டுவது வேறு. முதலாவதில் பிஸ்கட் கிடைக்கும். இரண்டாவதில் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது. தான் பார்ப்பதைப் பக்கத்தில் இருப்பவரும் பார்க்கணும், அவ்வளவுதான். ஆட்டிசத்தில் அதிகம் தாமதமாவது இந்த இரண்டாவதுதான். பேச்சுக்கு அடித்தளமும் இதில்தான் இருக்கிறது.

எங்கள் தோப்பில் மயிலுக்குப் பஞ்சமில்லை. நிலக்கடலை போட்டவன் என்ற முறையில் எனக்கு மயில் மேல் பெரிய பாசமும் கிடையாது. போன ஆடிக் காற்றில் ஒன்று மோட்டார் ரூம் மேல் தடுமாறி இறங்கியது. இவள் விரலை நீட்டினாள். அப்புறம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி மயில், மறுபடி என் முகம். வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. நான் வீட்டுக்காரியைக் கூப்பிட்ட கூப்பாட்டில் மயில் பறந்தே போய்விட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பாயசம் வைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா டம்ளரை வாங்கிக்கொண்டு என்ன விசேஷம் என்றார். மயிலைக் காட்டினாள் என்றேன். "அப்படியா... பேசினாளா?"

சரி, பேச்சுக்கே வருகிறேன். எல்லையோரத்தில் இருக்கிற எங்களுக்கு வீட்டில் கொங்குத் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம், கடைவீதியில் இரண்டும் கலந்த ஒன்று. ஒரு தெரபி சென்டரில், "இத்தனை மொழி குழப்பும். மலையாளம் மட்டும் பேசுங்கள், பள்ளிக்கும் அதுதான் உதவும்" என்றார்கள். என் மாமியாரிடம் இதை எப்படிச் சொல்வது? அவருக்கு மலையாளம் நன்றாகவே வரும், விலை பேசுவதெல்லாம் அதில்தான். ஆனால் பேத்தியைக் கொஞ்சுவது "ஏஞ்சாமி, அம்மாயிகிட்ட வா கண்ணு" என்றுதான். அதை நிறுத்தச் சொன்னால் அவர் பேசுவதே குறைந்துபோகும். ஏற்கெனவே இவளிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் குறைவு. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசக் குழந்தைகள் பின்தங்குவதில்லை என்றுதான் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளும் காட்டுகின்றன. நாங்கள் எதையும் நிறுத்தவில்லை.

பலன் ஒரு தினுசாக வந்தது. பாலக்காட்டுச் சித்தூர் போகிற பஸ்ஸில் யாரோ கத்துவதைக் கேட்டு, "ஆளிறங்ஙணம்" என்பதை இவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். கேட்டதைத் திருப்பிச் சொல்வதை எக்கோலாலியா என்பார்கள். அர்த்தமில்லாத ஒப்பிப்பு, நிறுத்த வேண்டும் என்று ஒரு காலத்தில் நினைத்தார்கள். அதில் பலவும் காரணத்தோடு சொல்வதுதான் என்று பேச்சு-மொழி நிபுணர் பாரி பிரிசன்ட் போன்றவர்கள் 1980-களிலேயே எழுதிவிட்டார்கள். என் மகள் இப்போது மடியிலிருந்து இறங்கவேண்டும் என்றால் "ஆளிறங்ஙணம்" என்கிறாள். ஊஞ்சலிலிருந்து இறங்கவும் அதுவேதான். நான் கண்டக்டர் குரலில் "பையப் பைய" என்பேன், சிரிப்பாள்.

இன்னொரு விஷயம். யாரும் என்னைத் திட்டியதில்லை. "போனைக் கொடுத்துக் கெடுத்துட்ட" என்பதெல்லாம் வீட்டுக்காரிக்குத்தான். லியோ கேனர் என்ற மருத்துவர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்துதான் ஆட்டிசம் தனியாக அறியப்பட்டது. அதற்குப் பின் வந்த வருடங்களில் பாசமில்லாத தாய்தான் காரணம் என்று பெரிய படிப்புப் படித்தவர்களே அடித்துச் சொன்னார்கள். உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட், அவரே ஓர் ஆட்டிசப் பையனின் அப்பா, 1964-ல் அதை மறுத்தார். அறுபது வருடம் ஆகிவிட்டது. எங்கள் ஊரில் தாயின் பாசத்துக்குப் பதிலாகப் போன் வந்திருக்கிறது, குற்றவாளி மாறவில்லை. பெண் குழந்தை என்பதால் தாமதமானதும் உண்டு. அமைதியாக ஓர் ஓரத்தில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தவளை அடக்கமான பிள்ளை என்று மெச்சியவர்களே இன்றைக்கு வீட்டுக்காரியைக் கேட்கிறார்கள், "நீ கவனிக்கலையா?" என்று.

மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் வாங்குங்கள், தயங்காதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995 சட்டத்தில் ஆட்டிசம் கிடையாது, 2016 சட்டத்தில்தான் சேர்த்தார்கள். குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் உண்டு. ஆனால் அந்தத் தாளில் இருப்பது இல்லாதவற்றின் கணக்கு. மயில் அதில் ஏறாது. அதனால் வீட்டுக்காரி ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். கடைசியாக எழுதியது: "மிக்ஸி ஓடும்போது காதைப் பொத்திக்கொண்டு சமையலறையிலேயே நின்றாள்." முன்பெல்லாம் தோப்புக்கே ஓடிவிடுவாள். குணமாக்கிவிடுகிறோம் என்று ஸ்டெம் செல், அது இது என லட்சக்கணக்கில் கேட்கிறவர்களின் விளம்பரங்களை எனக்கு அனுப்பாதீர்கள். நோட்டுக்கு ஏதாவது அனுப்பத் தோன்றினால் நல்ல பேனாவாக அனுப்புங்கள்.

சத்தம்தான் இப்போது பெரிய பாடு. மாசியில் சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன் படை வருகிறது. கொங்குப் படையைத் தோற்கடித்த கதையைக் கொண்டாடும் திருவிழா. கொங்குத் தமிழ் பேசும் நாங்களும் வருஷா வருஷம் போய்க் கைதட்டிவிட்டு வருவோம், அது தனிக் கூத்து. இவள் பிறந்த பின் குடும்பமாகப் போனதில்லை. இந்த முறை வெடி போடுமிடத்துக்குத் தள்ளி, பத்து நிமிஷமாவது நிற்கவைத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறோம். முடியவில்லை என்றால் திரும்பிவிடுவோம்.

குழந்தைகள் அளவில், தலையை இறுக்காத, சத்தம் குறைக்கும் காதுக்கவசம் பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ எந்தக் கடையில் கிடைக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஆன்லைனில் வாங்கியது பெரிதாக இருக்கிறது, கழுத்துக்கு இறங்கிவிடுகிறது.