அந்த 45 பிக்சல்

மருமகனுக்கும் எனக்கும் மூன்று நாளாகக் கதைபேச்சு இல்லை. காரணம், 27 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற ஒரு வாயுமேகம்.

போன ஆவணியில், கச்சான் காத்து கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு விடியப்புறம், மட்டக்களப்புப் படுவான்கரையில் பெரியப்பாட வயல் வட்டைக்குள் கமராவைப் பூட்டி எம்33 என்ற முக்கோண விண்மீன் பேரடையை (கலக்சி) படம் எடுத்தேன். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், மொத்தம் 90 படம். அவற்றை அடுக்கி ஒன்றாக்கியதும், பேரடையின் வடகிழக்குப் பக்கம் இளஞ்சிவப்பாக ஒரு பொட்டு. அதுதான் என்ஜிசி 604. 1784 இல் வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் கண்ட நெபுலா, அதாவது வாயுமேகம். ஓரியன் நெபுலாவின் அகலம் 24 ஒளியாண்டு அளவு. இதன் அகலம் 1,500 ஒளியாண்டு. அவ்வளவு பெரிய சாமானுக்கு என்னுடைய 300 மில்லிமீற்றர் லென்சில் கிடைத்தது ஏறத்தாழ 45 பிக்சல் அகலம். எனக்கு அது போதும். அப்படியே இணையத்தில் போட்டேன்.

மருமகனுக்குப் போதவில்லை. படத்தை எடுத்து ஏதோ ஒரு ஏஐ செயலிக்குள் போட்டு, குகையும் தூணும் புகைச்சுருளுமாக ஒன்றைச் செய்து, "எங்கட மாமா மட்டக்களப்பில இருந்து எடுத்தது" என்று பகிர்ந்துவிட்டான். விழுந்த லைக்கைக் கேட்காதீங்க. வெளிநாட்டில் இருக்கிற சொந்தமெல்லாம் வாழ்த்துது.

2024 மார்ச்சில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் என்ஜிசி 604 படம் வெளிவந்தது. அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவன் போட்டதில் ஒரு இழைகூட அதோடு ஒத்துவரவில்லை. அழகான பொய். ஆயிரக்கணக்கான நெபுலாப் படம் பார்த்துப் பழகின செயலி, "இந்த இடத்தில் இப்படி இருக்கும்போல" என்று வரைந்து வைத்திருக்கு.

"நீங்களும்தானே மாமா கலரைக் கூட்டுறீங்க?" என்றான். கேள்வி நியாயம். கூட்டுறேன்தான். மங்கலை வெளிச்சமாக்குறேன், படத்தில் புள்ளிபுள்ளியாய் விழுகிற இரைச்சலைக் குறைக்கிறேன். எங்கட சாதாரண கமராவில் உள்ள வடிகட்டி ஐதரசன் வாயு விடுகிற 656 நானோமீற்றர் சிவப்பு ஒளியில் பெரும்பகுதியை வெட்டிவிடும், அதனால் சிவப்பையும் தூக்குறேன். ஆனால் லென்சுக்குள் வராத ஒளியை நான் போடவில்லை. என்னைப் பொறுத்தவரை கோடு அங்கேதான் கிடக்கு.

இது சின்ன விசயமில்லை. 1987 பெப்ரவரி 24, சிலியில் வானியலாளர் இயன் ஷெல்டன், பெரிய மகெல்லன் மேகம் என்கிற பக்கத்துச் சின்னப் பேரடையைப் படம் எடுத்தார். கழுவின படத் தகட்டில், டரன்டுலா நெபுலாவுக்குக் கிட்ட, முன்பு இல்லாத ஒரு புள்ளி. வெளியே போய் வெறுங்கண்ணால் பார்த்தார், அங்கே இருந்தது. வெடித்த நட்சத்திரம் ஒன்று, சுப்பர்நோவா 1987ஏ. தகட்டில் உள்ள புள்ளியை நம்பலாம் என்பதால்தான் அவர் வெளியே போய்ப் பார்த்தார். செயலி தன்பாட்டுக்குப் புள்ளி வைக்கிற, புள்ளி அழிக்கிற படத்தை நம்பி ஆர் எழும்பிப் போறது? (அது யுத்த காலம், அந்த மாசம் படுவான்கரையில் இராத்திரி வெளியே நின்று வானம் பார்க்கிற நிலைமை ஒருவருக்கும் இருக்கவில்லை. அது வேறு கதை.)

அதே டரன்டுலா எங்கட வானத்திலும் வரும் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பெப்ரவரித் தொடக்கத்தில், மாரி விட்ட கையோடு, இரவு ஒன்பது மணிக்குத் தெற்கில் 13 பாகை உயரத்தில் நிற்கும். நீட்டின கையின் முட்டி ஒன்றும் இன்னும் கொஞ்சமும். 1 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில் இருந்தும் நிலாவின் அகலத்துக்குக் குறையாது. சின்ன லென்சே போதும். லண்டனில் இருக்கிற மச்சான் என்னுடையதைவிடப் பத்து மடங்கு விலைக்குச் சாமான் வைத்திருக்கார், அவர்ர கூரைக்கு மேல் அது ஒருநாளும் வராது.

கரைச்சலும் இருக்கு. உச்சிக்கு மேலே பார்க்கிறதைவிட நாலு மடங்கு காற்றை ஊடுருவிப் பார்க்கணும், அதில் பாதி கடல் ஈரம். கமராவைச் சுழற்றுகிற டிராக்கரைத் துருவ நட்சத்திரத்துக்கு நேராக்க வேண்டும். அதுவோ இங்கே 8 பாகை அளவுக்கு மேல் ஏறாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். பெப்ரவரியில் வேளாண்மை விளைந்து நிற்கும், வட்டையெல்லாம் யானைக் காவல். ஆராவது டோர்ச் அடித்தால் அந்தப் படம் போச்சு. பெரியப்பா கமராவின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளிக்கா புள்ள விடிய விடிய முழிச்சிருக்காய்?" என்பார். ஓம் பெரியப்பா, இந்தப் புள்ளிக்குத்தான்.

என்ஜிசி 604 இன் மூலப் படங்கள் 90 உம் என்னிடம் இருக்கு. பார்க்க விரும்புறவங்க பென் டிரைவோட வாங்க. 37 ஆவது படத்தில் பெரியப்பா சுருட்டுப் பற்றவைத்த வெளிச்சம் விழுந்திருக்கு. அதை மட்டும் நான் அடுக்கில் சேர்க்கவில்லை.