வருஷக்கணக்கில் தங்குகிறவர்கள் மறுபடி கிளம்புகிறார்கள்

2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமெரிக்க அரசு அமைப்பான பீஸ் கோர், அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்த ஏறக்குறைய 7,000 தன்னார்வலர்களையும் ஊருக்கு அழைத்துக்கொண்டது. 1961ல் ஆரம்பித்த அமைப்பு, ஒரேயடியாகக் காலி செய்தது அதுதான் முதல் தடவை. 2022 மார்ச்சில் ஜாம்பியாவுக்கும் டொமினிக்கன் குடியரசுக்கும் ஆட்கள் மறுபடி போனார்கள். அப்புறம் ஒவ்வொரு நாடாக. இந்தப் பேச்சை எடுத்தாலே, "வெள்ளைக்காரன் வந்துதான் சேவை செய்யணுமா, அந்த ஊர்ல ஆளே இல்லையா?" என்கிறார்கள். வேலூர்க்காரர்களே அப்படிக் கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

வேலூர் பக்கத்தில் இருக்கும் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியை நினைத்துப் பாருங்கள். ஆங்கிலேய அறுவை சிகிச்சை டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூருக்கு வந்த காலத்தில், தொழுநோய் வந்தால் விரல் தானாக அழுகி விழும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். நோயாளிகளோடு பழகிப் பழகித்தான் அவர் காரணத்தைக் கண்டுபிடித்தார். கையில் உணர்ச்சி இல்லை. சூடு பட்டாலும் காயம் பட்டாலும் தெரியாது. ராத்திரி தூக்கத்தில் எலி கடித்தால்கூடத் தெரியாது. அதனால் சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு பூனையையும் கொடுத்து அனுப்பினார்கள்! இரண்டு வாரம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர் கண்ணில் எலி படுமா? மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சையை நம் டாக்டர்களுக்கும் கற்றுக்கொடுத்தார். 1966ல் அவர் ஊரைவிட்டுப் போனார், வேலை நிற்கவில்லை. அன்று தொழுநோயாளிகளுக்காகத் தைத்த எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பை இன்று சர்க்கரை நோயாளிகள் போட்டு நடக்கிறார்கள்.

அவர் மிஷன் மூலம் வந்தவர், தன்னார்வலர் கணக்கில் வரமாட்டார். நான் பார்ப்பது, தங்கினார் என்பதைத்தான். பீஸ் கோரிலும் அதே ஏற்பாடு: மொத்தம் 27 மாதம், அதில் முதல் மூன்று மாதம் பயிற்சியும் மொழியும், கைக்கு வருவது அந்த ஊர்க்காரர் போல வாழ்வதற்கான படிப்பணம் மட்டும். இந்தியாவிலும் 1976 வரை இருந்தார்கள். ஜிம்மி கார்ட்டரின் அம்மா லில்லியன், 68 வயதில் நர்ஸாக பம்பாய் விக்ரோலிக்கு வந்தவர். மகன் ஜனாதிபதி ஆனதெல்லாம் அதற்கப்புறம்தான்.

அமெரிக்காவுக்கு இதில் அரசியல் ஆதாயம் உண்டு, மறுக்கவில்லை. பனிப்போர் காலத்தில் பிறந்த திட்டம். ஆனால் கிராமத்தில் போய் இரண்டு வருஷம் பாடம் நடத்துகிற பெண்ணை அந்தக் கணக்கை வைத்து மட்டும் எடைபோடுவது அநியாயம்.

நம் பிள்ளைகளும் போகலாம். ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970லிருந்து இருக்கிறது, எல்லா நாட்டுக்காரர்களையும் எடுக்கிறார்கள். குடியாத்தத்தில் இருக்கும் என் அக்கா மகள் நர்ஸ். வெளிநாட்டில் ஒரு முகாமில் தன்னார்வலராக வேலை பார்த்துவிட்டு வந்தாள். லேப் இல்லை, பாதி நேரம் கரண்ட் இல்லை, அதிலும் பிரசவ வார்டை ஓட்டியவள். இங்கே இன்டர்வியூவில் "ஒரு வருஷம் கேப் இருக்கேம்மா" என்றார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது.

ஆஸ்பத்திரியிலோ நர்சிங் காலேஜிலோ ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் இதைப் படித்தால், அந்த மாதிரி சான்றிதழை அனுபவச் சான்றிதழாகவே எடுத்துக்கொள்ளுங்கள். வேலையில் இருப்பவர் போகிறேன் என்றால் சம்பளமில்லா லீவாவது கொடுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளை வந்து கேட்டால், சம்பளம் எவ்வளவு என்று ஆரம்பிக்காதீர்கள். எந்த ஊர், எத்தனை மாதம், அங்கே யாருக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு வரப்போகிறாய் என்று கேளுங்கள்.