குழாயைத் திறந்தால் வேல்ஸ்

லண்டனிலிருந்து பர்மிங்காமுக்கு வீடு மாறி வந்த புதிதில் நான் முதலில் கவனித்தது கெட்டிலைத்தான். உள்ளே வெள்ளை படியவில்லை. லண்டனில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வினிகர் ஊற்றிக் கொதிக்க வைக்காவிட்டால் டீயின் மேல் ஏடு மாதிரி ஒன்று மிதக்கும். இங்கே கெட்டில் வாங்கிய நாள் போலவே இருக்கிறது. துவரம்பருப்பும் இரண்டு விசில் முன்னதாகவே வெந்துவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். "வெல்ஷ் தண்ணீர் அல்லவா!" என்றார், சொந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்வதுபோல.

பர்மிங்காம் குழாயில் பெரும்பாலும் வருவது நடு வேல்ஸின் எலான் பள்ளத்தாக்கில் தேக்கிய தண்ணீர். (மஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அது ஆற்றின் பெயர்.) போன அக்டோபரில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தண்ணீர் பிறக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். நானும் அம்மாவும் மட்டும். ஒரு டப்பா புளியோதரை, ஒரு பிளாஸ்க் காப்பி.

வேல்ஸ் போகிறோம் என்று வாட்ஸாப் குழுவில் சொன்னது என் தப்பு. பத்து நிமிடத்தில் பட்டியல் வந்துவிட்டது. ஸ்னோடன் மலை ரயில், கான்வி கோட்டை, லாண்டட்னோ கடற்கரை, அந்த 58 எழுத்து ஊர்ப்பெயர்ப் பலகை முன்னால் ஒரு செல்ஃபி, ராத்திரி பத்துக்குள் வீடு. "எல்லாம் கவர் பண்ணிடலாம் ப்ரோ." இரண்டு வருடம் முன்னால் அப்படி ஒரு நாள் கவர் பண்ணியவன்தான் நானும். இன்றைக்கு யோசித்தால் நெடுஞ்சாலை சர்வீஸின் கழிப்பறையும், சில்லறை வாங்க மறுத்த ஒரு பார்க்கிங் மெஷினும்தான் ஞாபகம் இருக்கின்றன. ஒரு நாள் கையில் இருந்தால் ஒரு பள்ளத்தாக்கு போதும் என்பது என் கட்சி. குழுவில் இதற்கு ஒருவரும் லைக் போடவில்லை.

எல்லையைத் தாண்டியதுமே பலகைகள் இரண்டு மொழி பேச ஆரம்பிக்கின்றன. தார்ச்சாலையிலேயே பெரிய வெள்ளை எழுத்தில் 'ஆரவ்' என்று எழுதியிருக்கிறார்கள். இப்போது நம் பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர் மாதிரி இருந்தாலும் அதற்கு அர்த்தம் 'மெதுவாக'. 2023 செப்டம்பரில் வேல்ஸ் அரசு குடியிருப்புச் சாலைகளின் பொது வேக வரம்பை மணிக்கு 20 மைலாகக் குறைத்தது. அதை எதிர்த்து நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். தினமும் ஓட்டுகிறவர்களுக்கு எரிச்சல் வருவது நியாயம். சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு அதைவிட நல்ல சட்டம் கிடையாது. 20 மைலில் போனால்தான் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்க முடிகிறது. 'அபெர்' என்று தொடங்கினால் ஆற்றின் முகத்துவாரம், 'கூம்' என்றால் பள்ளத்தாக்கு, 'நான்ட்' என்றால் ஓடை, 'லான்' என்றால் கோயில் இருக்கிற ஊர். அந்த லானின் முதலெழுத்து இருக்கிறதே, அது நம் 'ல' இல்லை. நாக்கை 'ல' சொல்கிற இடத்தில் ஒட்டிவைத்துக்கொண்டு, குரல் கொடுக்காமல் ஓரத்தில் காற்றை மட்டும் ஊத வேண்டும். அம்மா மூன்றாவது முயற்சியில் சரியாகச் சொன்னார். எனக்கு இன்னும் வரவில்லை. 'ழ'வை வைத்துக்கொண்டு நாம் ரொம்பத்தான் பெருமைப்படுகிறோம்.

ரேயடர் சின்ன ஊர். வை ஆற்றின் அருவி என்பது வெல்ஷில் அதன் பெயருக்குப் பொருள். கடைத்தெரு நான்கு முனைகளில் முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு டீக்கடையில் வெல்ஷ் கேக் வாங்கினோம். ஓவனில் வேகவைப்பதில்லை, இரும்புக் கல்லில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுடுவது. மேலே சர்க்கரை தூவியிருந்தார்கள். அம்மா அதைப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். கல் பட்ட இடம் கருப்பு, ஓரம் வெளுப்பு. "தோசைக்கல்லு நல்லா பழகின கல்லு" என்றார். டீக்கும் சேர்த்து மதிப்பெண் கொடுத்தார், பத்துக்கு நாலு.

ஊரைத் தாண்டிச் சில மைலில் முதல் அணை, கபன் கோஹ். முந்தைய வாரம் முழுக்க மழை பெய்திருந்தது. 37 மீட்டர் உயரக் கருங்கல் சுவர் முழுவதும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கொட்டுகிற தண்ணீர் இல்லை, கல்லுக்குக் கல் தட்டி, வெள்ளைத் துணி உலர்த்தின மாதிரி இறங்குகிற தண்ணீர். கீழே நின்றால் சத்தம் காதில் அல்ல, நெஞ்சில் கேட்கிறது. வெறும் குடிநீர்த் தொட்டிக்கு இத்தனை அலங்காரம் ஏன் என்று தோன்றும். மேலே போகப்போக வளைவுகள், கோபுரங்கள், க்ரைக் கோஹ் அணையில் பச்சையேறிய செப்புக் கவிகைகூட உண்டு. பணக்கார மாநகராட்சி தன் பெயரைக் கல்லில் எழுதிக்கொண்ட விதம் அது.

பணக்காரர்கள்தான், ஆனால் காரணமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகளால் வீங்கிப்போன பர்மிங்காமில் கிணறுகள் கெட்டு, டைபாய்டும் காலராவும் ஏழைத் தெருக்களை அள்ளிக்கொண்டு போயின. நல்ல மழை, நீரை உறிஞ்சாத பாறை, அணை கட்ட வசதியான இடுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக பர்மிங்காமைவிட உயரம். எலான் பள்ளத்தாக்கில் இவை மொத்தமும் இருந்தன. 1892-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொடுத்தது. 1904 ஜூலையில் மன்னர் ஏழாம் எட்வர்ட் வந்து திறந்துவைத்தார். 118 கிலோமீட்டர் நீளக் கால்வாயும் குழாயும், அதற்கு மொத்த இறக்கம் 52 மீட்டர்தான். சராசரியாக 2,300 அடிக்கு ஓர் அடி சரிவு. பம்பு இல்லை, மோட்டார் இல்லை, தண்ணீர் தானே வருகிறது, நடந்து போகிற ஆளைவிட மெதுவாக. பர்மிங்காம் வந்து சேர ஒன்றரை நாள். நாங்கள் காரில் அந்த தூரத்தை இரண்டரை மணி நேரத்தில் கடந்திருந்தோம்.

இதை எல்லாம் நான் அணையடியில் நின்று அம்மாவுக்கு உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா கேட்டது ஒன்றுதான். "ஏண்டா, இதுக்குள்ள எத்தன ஊரு போச்சு?"

அம்மாவின் தாத்தா மேட்டூர் அணைக்காக ஊரைக் காலி செய்து வந்தவர். நீர்மட்டம் இறங்கும்போது பண்ணவாடியில் நந்தி தலைகாட்டுவதைப் பார்த்து வளர்ந்த ஆளுக்கு, அணை என்றால் முதலில் அந்தக் கேள்விதான் வரும். நான் வருடக்கணக்காக இந்தத் தண்ணீரைக் குடிக்கிறேன், எனக்கு வந்ததில்லை.

பதில்: மூன்று பெரிய மாளிகைகள், 18 பண்ணைகள், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம். சுமார் நூறு பேர் வெளியேற வேண்டியிருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் இழப்பீடு. குத்தகைக்கு உழுதவர்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் ஒன்றும் இல்லை. மூழ்கிய மாளிகைகளில் ஒன்று நான்ட்குவில்ட். கவிஞர் ஷெல்லி 1812-இல் இளம் மனைவி ஹாரியட்டோடு அங்கே தங்கி, அதைக் குத்தகைக்கு எடுக்க ஆசைப்பட்டு, முடியாமல் திரும்பினார். கடும் வறட்சியில் அதன் தோட்டச் சுவர்கள் இன்றும் வெளியே தெரியும். மூழ்கிய தேவாலயத்துக்குப் பதிலாக மாநகராட்சி கட்டிக்கொடுத்த தேவாலயம் கரையில் இருக்கிறது. தூண்கள் மேல் போகிற ஒரு பாலத்தைக் கடந்து அங்கே போக வேண்டும். அந்தப் பாலத்துக்கு அடியிலும் ஓர் அணை நீருக்குள் ஒளிந்திருக்கிறது. கீழ் ஏரி இறங்கினாலும் பர்மிங்காமுக்குப் போகிற வாய்க்காலின் வாயில் நீர்மட்டம் இறங்காமல் இருப்பதற்காக. யாருக்காகக் கட்டினார்கள் என்பதில் ஒளிவுமறைவே கிடையாது.

எலானில் அன்று பெரிய எதிர்ப்பு எழவில்லை. அறுபது வருடம் கழித்து வடக்கே லிவர்பூல் மாநகராட்சி இதையே செய்தபோது கதை வேறு. வெல்ஷ் மட்டுமே பேசிக்கொண்டிருந்த கபெல் கெலின் கிராமத்தை மூழ்கடிக்கும் 1957 மசோதாவை வேல்ஸ் எம்.பி. ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் நிறைவேறியது. 1965-இல் ஊர் தண்ணீருக்குள் போனது. லிவர்பூல் மன்னிப்புக் கேட்க 2005 ஆனது. மேற்குக் கடலோரச் சாலையில் ஓர் இடிந்த சுவரில் 'த்ரவெரினை மறவாதீர்' என்று வெல்ஷில் எழுதிவைத்திருப்பது அந்த ஊர் இருந்த பள்ளத்தாக்கைத்தான். அதை முதலில் எழுதியவர் அவசரத்தில் ஓர் ஒற்றுப்பிழை விட்டுவிட்டார். வெல்ஷில் முன்சொல்லைப் பொறுத்துச் சொல்லின் முதலெழுத்து திரியும், அதைத் திரிக்காமல் எழுதிவிட்டார். பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். மொழிக்காரர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

இதனால்தான் 'இயற்கை எழில் கொஞ்சும் வேல்ஸ்' என்று படம் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கடுப்பாகிறது. அந்த ஏரி இயற்கை இல்லை. அந்த மொட்டை மலைகளும் பாதி இயற்கை இல்லை, முளைக்கிற செடியை எல்லாம் ஆடு தின்று தின்று அப்படி ஆனவை. மழை மட்டும் இயற்கை. அழகாக இல்லையா என்றால், இருக்கிறது. மதியம் புளியோதரையைப் பிரித்தபோது எதிர்மலையில் வெயில் ஒரு திட்டாக ஏறி, பழுத்த பெரணிச் செடிகள் மேல் நகர்ந்து, மறைந்தது. அதை அரை மணி நேரம் பேசாமல் பார்த்தோம். அழகை ரசிக்க அது யாருடைய வயல் என்று தெரியாமல் இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்றுதான் சொல்கிறேன்.

மூன்று மணிக்கு ரேயடர் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பருந்துகளுக்கு இறைச்சி போடுவார்கள். பிளந்த வால், செம்பழுப்பு நிறம். வெல்ஷில் பார்கிட். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்துக்கட்டிய பறவை, பிரிட்டனிலேயே இந்த நடு வேல்ஸ் மலைகளில் மட்டும் ஒரு சில ஜோடிகளாகத் தப்பிப் பிழைத்தது. இப்போது வானம் நிறைய. நிலத்தில் இறங்கி உட்காராமல், காலால் அள்ளி, பறந்துகொண்டே தின்கின்றன. அம்மா தன் தட்டை மூடிக்கொண்டார்.

திரும்பும்போது மலைச்சாலையைச் சுற்றிக்கொண்டு போகலாம் என்று நான் எடுத்த முடிவைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ஒரு வண்டி மட்டும் போகிற பாதை, எதிரே ஒரு டிராக்டர், போனில் சிக்னல் இல்லை. இருநூறு மீட்டர் ரிவர்ஸ். அம்மா பின்னால் திரும்பிப் பார்த்து "வா, வா, வா, ஐயோ ஆடு" என்று வழிகாட்டினார். டிராக்டர்காரர் அத்தனை நேரமும் இன்ஜினை அணைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு ஹாரன் அடிக்கவில்லை. கடந்து போகும்போது ஒரு விரலை மட்டும் ஸ்டீயரிங்கிலிருந்து உயர்த்தினார்.

வீட்டுக்கு வந்தபோது ராத்திரி எட்டு. செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்படியில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அம்மா குழாயைத் திறந்து, டம்ளரில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாம பாத்த தண்ணி இந்நேரம் வந்திருக்குமாடா?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுத்திகரிப்பு நிலையம் வரைக்கும் வந்திருக்கும் என்றேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மத்தியானம் காப்பி போட்டுக்கொள்கிறேன் என்றார்.