சோல்ஹைம் என்றால் சமாதானத் தூதர் மட்டும்தானா?

இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே சமாதானம் பேசிய நார்வே அரசியல்வாதி எரிக் சோல்ஹைம் பற்றி வந்த கட்டுரை, 1998-க்குப் பிறகுதான் அவருக்கு அரசியலே தொடங்கியது போல எழுதப்பட்டிருக்கிறது. இலங்கைப் பேச்சுவார்த்தை நமக்கு நெருக்கமான விஷயம், சரி. ஆனால் அதற்கு முன்பே மனிதர் 10 வருடம் ஒரு கட்சியை நடத்தியவர். 1987-ல் நார்வேயின் சோசலிச இடதுசாரிக் கட்சிக்குத் தலைவரானபோது அவருக்கு வயது 32. நாடாளுமன்றத்தில் 6 இடம் வைத்திருந்த கட்சி, 1989 தேர்தலில் 17 இடம் பிடித்தது. அடுத்த தேர்தலில் 13 ஆகச் சரிந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கட்டுரையாளர் தொடாத இன்னொன்று: 2005-ல் வளர்ச்சி உதவி அமைச்சர், 2007 முதல் சுற்றுச்சூழல் துறையும் சேர்த்து. அமேசான் காட்டைக் காக்க பிரேசிலுக்கு 100 கோடி டாலர் வரை தருவதாக நார்வே அறிவித்தது அந்தக் காலத்தில்தான். என்னைக் கேட்டால் அவர் பெயர் நிற்க வேண்டிய இடம் அதுதான். அப்படிப்பட்டவரை 2012-ல் கட்சித் தலைமை மாறியதும் அமைச்சரவையிலிருந்து கழற்றிவிட்டார்கள், சொந்தக் கட்சிக்காரர்களே!

அப்புறம் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் தலைமைப் பதவி. ஐ.நா.வின் தணிக்கை அறிக்கை கணக்கில் எடுத்த 668 நாளில் 529 நாள் பயணத்திலேயே இருந்திருக்கிறார். கார்பன் உமிழ்வைக் குறைக்கச் சொல்லும் அலுவலகத்தின் தலைவர்! 2018 நவம்பரில் ராஜினாமா. கட்டுரை இதை ஒரே வரியில் தாண்டிப் போனது சரியில்லை. 2022-ல் தமிழ்நாடு அரசின் காலநிலை மாற்றக் குழுவில் அவரைச் சேர்த்தபோதும் இங்கே யாரும் இதைப் பெரிதாகக் கேட்ட மாதிரி தெரியவில்லை.